லினக்ஸில் சத்தம் வந்த கதை

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணினிகளிலும் ஏறாது. டீ.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புரொசெசரும் அதற்கு வேண்டும். அதனால் நல்லாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் மூலையில் போய்ச் சேர்கின்றன. "லினக்ஸ் போட்டுப் பாருங்களேன்" என்று சொன்னால் உடனே வரும் பதில் இதுதான்: "லினக்ஸ்ல சத்தம் வராதாமே சேர். புள்ள ஸூம் கிளாஸ் எப்படிப் பாக்கிற? கட்டார்ல இருக்கிற வாப்பாவோட எப்படிக் கதைக்கிற?"

இந்தப் பயம் வெறும் வதந்தி அல்ல. ஒரு காலத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் அப்படி இருந்தது, யார் அதைச் சரி செய்தார்கள், இன்று எந்த இடத்தில் இன்னும் சிக்கல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள். கையில் இருக்கும் கணினியை எறிவதா, வைத்திருப்பதா என்ற முடிவுக்கு இந்த வரலாறு உதவும்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கணினியில் ஒரு வீடியோ கோல் நடக்க மூன்று வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, சவுண்ட் கார்ட்டையும் கெமராவையும் கணினி அடையாளம் கண்டு இயக்க வேண்டும். இரண்டு, ஒரே நேரத்தில் பல மென்பொருட்கள் அவற்றைக் கேட்டால் சண்டை வராமல் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று, யார் நமது குரலைக் கேட்கலாம், யார் நமது திரையைப் பார்க்கலாம் என்று நம்மிடம் அனுமதி வாங்க வேண்டும். லினக்ஸ் இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ பத்து வருடம் எடுத்தது.

1. கொமியூனிகேஷன் கடையில் ஒரே ஒரு டெலிபோன்

1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழுமம் ஒன்றில் அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 21. அந்த நாட்களில் வீட்டுக் கணினிகளில் சத்தம் என்றால் சவுண்ட் ப்ளாஸ்டர் என்ற அட்டைதான் பேர் பெற்றது. 1989 இல் அதைக் கொண்டுவந்தது சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம். அந்த அட்டையை லினக்ஸில் பாட வைக்கும் ட்ரைவரை 1992 இல் எழுதியவரும் ஒரு பின்லாந்துக்காரர்தான். பெயர் ஹன்னு சவொலைனென். அந்த வேலைதான் பின்னர் ஓ.எஸ்.எஸ் என்ற பெயரில் லினக்ஸின் முதல் ஒலி அமைப்பாக வளர்ந்தது.

லினஸ் தன் குரலில், "லினக்ஸ்" என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்லி ஒரு சிறிய ஒலிக்கோப்பை வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் ரெட் ஹெட் லினக்ஸில் சவுண்ட் கார்ட்டை அமைத்து முடித்ததும், அது வேலை செய்கிறதா என்று சோதிக்க அந்தக் குரலையே ஒலிக்க விட்டார்கள். அந்தக் குரல் கேட்டால் வெற்றி. சத்தம் கேட்பதே ஒரு சாதனையாக இருந்த காலம் அது.

ஓ.எஸ்.எஸ் இன் வழி மிக எளிமையானது. சவுண்ட் கார்ட் ஒரு கோப்பு மாதிரித் தெரியும். மென்பொருள் அதைத் திறந்து ஒலியை உள்ளே எழுதும். ஆனால் பெரும்பாலான அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் அதைத் திறக்க முடிந்தது. நமது ஊர்களில் அந்தக் காலத்தில் இருந்த கொமியூனிகேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு டெலிபோன். ஒருவர் சவூதிக்குப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வாங்கில் குந்திக் காத்திருக்க வேண்டும். லினக்ஸிலும் அதேதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கோல் மென்பொருளுக்குச் சவுண்ட் கார்ட் கிடைக்காது. "சாதனம் வேலையாக இருக்கிறது" என்ற செய்திதான் வரும்.

2. சத்தம் இருக்கிறது, ஆனால் வாய் பூட்டப்பட்டிருக்கிறது

1998 இல் செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா, அல்சா என்ற புதிய ஒலி அமைப்பைத் தொடங்கினார். கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஓர் அட்டைக்காக அவர் எழுதிய ட்ரைவரில் இருந்துதான் அது வளர்ந்தது. 2002 இல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் சோதனைப் பதிப்புக்குள் நுழைந்து, 2003 டிசம்பரில் வெளியான 2.6 ஆம் பதிப்புடன் எல்லோருடைய கைக்கும் வந்தது. இன்றும் லினக்ஸில் சவுண்ட் கார்ட்டுடன் நேரடியாகப் பேசுவது அல்சாதான்.

அல்சா வந்ததும் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஸ்பீக்கர் திடீரென்று வீரிட்டுக் கத்தக் கூடாது என்று அதை எழுதியவர்கள் ஆரம்பத்தில் எல்லாச் சத்தத்தையும் பூட்டி வைத்திருந்தார்கள். ட்ரைவர் சரியாக ஏறியிருக்கும், அட்டையும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு சத்தமும் வராது. அல்சாமிக்சர் என்ற கறுப்புத் திரையைத் திறந்து பார்த்தால் கீழே இரண்டு "எம்" எழுத்துகள் தெரியும். பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். விசைப்பலகையில் "எம்" ஐ ஒரு தடவை அழுத்தினால் பாட்டு வரும். இந்த ஒரு விசை தெரியாமல் லினக்ஸையே கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். "லினக்ஸ்ல சத்தம் வராது" என்ற பேச்சில் ஒரு பெரிய பங்கு இந்தப் பூட்டுக்குச் சேரும்.

3. ஒபரேட்டர் வந்தார், கூடவே சண்டையும் வந்தது

சாதனத்தை அடையாளம் காணும் வேலை ஓரளவு முடிந்தது. பங்கிடும் வேலை பாக்கி. இதற்கு வழி, நடுவில் ஓர் ஒபரேட்டரை வைப்பது. எல்லா மென்பொருட்களும் தங்கள் ஒலியை அவரிடம் கொடுக்கும். அவர் கலந்து ஒரே ஒலியாக்கி அட்டைக்கு அனுப்புவார். க்னோம் என்ற டெஸ்க்டொப் ஈ.எஸ்.டீ என்ற ஒபரேட்டரை வைத்திருந்தது. கே.டீ.ஈ என்ற டெஸ்க்டொப் ஆர்ட்ஸ் என்பதை வைத்திருந்தது. இருவரும் அதே டெலிபோனைத்தான் பிடித்தார்கள். ஒருவர் பிடித்தால் மற்றவர் விடமாட்டார். அல்சாவுக்கும் பின்னர் ஒலிகளைக் கலக்கும் வசதி வந்தது. ஆனாலும் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே வழி இருக்கவில்லை.

2004 இல் ஜேர்மனியைச் சேர்ந்த லெனார்ட் பொட்டரிங் ஒரு புதிய ஒபரேட்டரை எழுதத் தொடங்கினார். 2006 இல் அதற்குப் பல்ஸ்ஒடியோ என்று பெயர் மாற்றினார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிச் சத்த அளவு, பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் இருந்து ஹெட்செட்டுக்கு மாற்றும் வசதி எல்லாம் இதில் வந்தன. 2007 நவம்பரில் பெடோரா 8 உம், 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 உம் இதை எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தன.

பிறகு என்ன நடந்தது? பலருக்கு அதுவரை வந்த சத்தமும் நின்றது. சிலருக்கு விட்டு விட்டுக் கேட்டது. திட்டு முழுவதும் பொட்டரிங் தலையில் விழுந்தது. அவசரமாக எல்லோருக்கும் கொடுத்தது ஒரு காரணம்தான். ஆனால் ஆழமான காரணம் வேறு. பல்ஸ்ஒடியோ ஒவ்வொரு ட்ரைவரிடமும் "இப்போது எந்த இடத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று துல்லியமாகக் கேட்டது. அதுவரை யாரும் அவ்வளவு துல்லியமாகக் கேட்கவில்லை. பல ட்ரைவர்கள் பிழையான பதில் சொல்லின. ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்த பிழைகள் அப்போதுதான் வெளியே வந்தன. ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டதும் சத்தம் நிலைப்பட்டது. நமது மக்களில் பலர் லினக்ஸைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டது அந்தக் குழப்பமான இரண்டு மூன்று வருடங்களில்தான். அவர்கள் அன்று சொன்னதைத்தான் இன்றும் நாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

4. கெமராவின் கதை: ஒரு ரகசியமும் ஒரு டொக்டரும்

சத்தத்தை விட கெமரா கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வெப்கேம் எப்படி வேலை செய்கிறது என்பதை ரகசியமாக வைத்திருந்தது. விண்டோஸுக்கு மட்டும் ஒரு சீடி தருவார்கள். லினக்ஸ்காரருக்கு ஒன்றும் இல்லை.

இதில் பிலிப்ஸ் வெப்கேமின் கதை முக்கியமானது. நெமோசொப்ட் என்ற புனைபெயரில் ஒருவர், பிலிப்ஸுடன் ரகசியம் காக்கும் உடன்படிக்கை செய்து ட்ரைவர் எழுதினார். ட்ரைவரின் ஒரு பகுதி எல்லோருக்கும் திறந்தது. பெரிய படம் வருவதற்கான பகுதி மட்டும் மூடியது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. 2004 ஓகஸ்டில், மூடிய பகுதியைக் கொழுவ வைத்திருந்த கொக்கியைக் கேர்னல்காரர்கள் அகற்றினார்கள். அவர் கோபித்து, தனது ட்ரைவர் முழுவதையும் அகற்றுமாறு கேட்டார். அகற்றினார்கள். நேற்றுவரை வேலை செய்த கெமரா அநாதையாகி நின்றது. பின்னர் லுக் சாயார் என்பவர் அந்த மூடிய பகுதி செய்த வேலையைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்து, முழுவதும் திறந்த ட்ரைவராகத் திரும்பக் கொண்டுவந்தார்.

இன்னொருவர் பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் க்ஸார். தொழிலால் அவர் ஒரு மருத்துவர். நோயாளர்களைப் பார்த்து முடித்த பிறகு மிஞ்சிய நேரத்தில், மலிவு வெப்கேம்களை ஒவ்வொன்றாக எடுத்து அவை எப்படிப் பேசுகின்றன என்று ஆராய்ந்தார். இப்படி 200 இற்கும் மேற்பட்ட வெப்கேம் மொடல்கள் அவருடைய ட்ரைவரால் லினக்ஸில் வேலை செய்தன. அந்த வேலை இன்னொருவரால் ஒழுங்குபடுத்தப்பட்டு 2008 இல் கேர்னலுக்குள் சேர்ந்தது.

ஆனால் ஒரு டொக்டர் எத்தனை கெமராவைத்தான் பிரித்துப் பார்க்க முடியும்? நிலையான தீர்வு ஒரு பொது விதியில் இருந்து வந்தது. யூ.எஸ்.பி கெமராக்கள் எல்லாம் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று 2003 இல் யூ.வி.சி என்ற தரநிலை வெளியானது. லோரன் பின்சார் அதற்கான லினக்ஸ் ட்ரைவரை எழுதினார். அது 2008 ஜூலையில் கேர்னல் 2.6.26 உடன் வந்தது. அதற்குப் பிறகு, தரநிலையைப் பின்பற்றிய எந்தக் கம்பனியின் வெப்கேமைக் கொழுவினாலும் ஒரே ட்ரைவர் போதும். 2008 இல் லினக்ஸில் சத்தம் குழம்பியது. அதே வருடம் படம் தெளிந்தது.

5. கோல் எடுத்த மென்பொருட்கள்

பெல்ஜியத்தில் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவராக இருந்த டேமியன் சந்த்ராஸ், படிப்பு முடிக்கும் திட்டமாகச் செய்த மென்பொருள்தான் க்னோம்மீட்டிங். 2000 ஆண்டளவில் தொடங்கியது. விண்டோஸின் நெட்மீட்டிங்குடனும் அதில் பேச முடிந்தது. 2006 இல் அதன் பெயர் எக்கிகா ஆனது. ஆனால் நம் வீடுகளுக்கு வந்தது ஸ்கைப்தான். 2003 இல் தொடங்கிய ஸ்கைப் 2004 இல் லினக்ஸிலும் குரல் தந்தது. ஆனால் படம்? விண்டோஸில் 2006 தொடக்கத்திலேயே வந்துவிட்ட வீடியோ கோல், லினக்ஸ் சோதனைப் பதிப்புக்கு 2007 நவம்பரில்தான் வந்தது. மூடிய மென்பொருள் என்பதால், அந்த நிறுவனம் மனம் வைக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

நிலைமையை மாற்றியது வெப்ஆர்டிசி. கூகுள் 2010 இல் ஜீ.ஐ.பீ.எஸ் என்ற ஒரு நிறுவனத்தை வாங்கியது. எதிரொலியை நீக்குவது, இணையம் தடுமாறும்போது குரலைச் சமாளிப்பது போன்ற நுட்பங்களில் கைதேர்ந்த நிறுவனம் அது. 2011 இல் கூகுள் அந்த நுட்பங்களைத் திறந்த மென்பொருளாக வெளியிட்டது. 2012 இல் ஓபஸ் என்ற குரல் சுருக்கும் முறை பொதுத் தரநிலையானது. ஸ்கைப் கொடுத்த ஒரு பகுதியையும், க்ஸிஃப் என்ற திறந்த மென்பொருள் அமைப்பு கொடுத்த ஒரு பகுதியையும் சேர்த்துச் செய்தது அது. 2013 பெப்ரவரியில் குரோம் பிரவுசரில் இருந்து பயர்பொக்ஸ் பிரவுசருக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினார்கள். 2021 ஜனவரியில் வெப்ஆர்டிசி அதிகாரபூர்வத் தரநிலையானது.

இதன் பலன் என்ன? கோல் எடுக்கத் தனி மென்பொருள் தேவையில்லை, பிரவுசர் போதும். பிரவுசர் லினக்ஸிலும் ஓடும். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாக நமது பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் ஒன்லைனுக்குப் போனபோது, கூகுள் மீட், ஜிட்சி போன்றவற்றை லினக்ஸ் கணினியிலும் திறக்க முடிந்தது இதனால்தான். அந்தச் சோதனை பத்து வருடம் முன்னர் வந்திருந்தால் லினக்ஸ் வைத்திருந்த ஆசிரியரின் பாடு திண்டாட்டம்தான்.

6. "உங்கள் திரையைக் காட்டலாமா?"

மூன்றாவது வேலை, அனுமதி. லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ் 11 இல், திறந்திருக்கும் எந்த மென்பொருளும் முழுத் திரையையும் கேட்காமலே படம் பிடிக்கலாம். வசதிதான். ஆனால் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தாலும் அதே நிலைதான். 2008 இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பு இந்தக் கதவை மூடியது. ஒரு மென்பொருள் இன்னொன்றின் ஜன்னலை எட்டிப் பார்க்க முடியாது.

கதவை மூடியதும் கோலில் திரையைப் பகிர்வதும் நின்றது. 2017 ஒக்டோபரில் வேலண்டுக்கு மாறிய உபுண்டு, 2018 ஏப்ரலில் பழைய அமைப்புக்கே திரும்பிப் போனது. கோல்களில் திரையைப் பகிர முடியாமை அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பாடம் நடத்துபவர்களுக்குத் தெரியும், திரையைக் காட்ட முடியாவிட்டால் ஒன்லைன் வகுப்பே இல்லை.

தீர்வைக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த விம் டேமன்ஸ். ரெட் ஹெட் நிறுவனத்தில் 2015 அளவில் அவர் தொடங்கிய பைப்வயர், ஒலியையும் படத்தையும் ஒரே இடத்தில் பங்கிடும் ஒபரேட்டர். பிரவுசர் திரையைக் கேட்டால், எந்த ஜன்னலைக் காட்டுவது என்று உங்களிடம் ஒரு பெட்டி கேட்கும். நீங்கள் தெரிவு செய்ததை மட்டும் பைப்வயர் கொடுக்கும். டேமன்ஸ் பல்ஸ்ஒடியோவின் கதையை மறக்கவில்லை. பழைய மென்பொருட்கள் எதையும் மாற்றாமல், தாங்கள் பல்ஸ்ஒடியோவுடன்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யும்படி அதை அமைத்தார். 2021 ஏப்ரலில் பெடோரா 34 உம், 2022 ஒக்டோபரில் உபுண்டு 22.10 உம் ஒலிக்கு இதை ஏற்றுக்கொண்டன. இந்தத் தடவை பெரிய கூச்சல் எதுவும் இல்லை. 2023 நவம்பரில் பைப்வயர் 1.0 வெளியானது.

7. இன்றைய நிலை

கதை முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில புதிய மடிக்கணினிகளில் யூ.வி.சி மொழியில் பேசாத கெமராக்கள் வருகின்றன. படத்தைச் சீராக்கும் வேலை இன்டெல் சில்லுக்குள் நடக்கிறது. அந்த நுட்பம் மறுபடியும் மூடிய பெட்டி. 2022 அளவில் வந்த பல விலை கூடிய மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டால் கெமரா தெரியாமல் போனது இதனால்தான். லிப்கெமரா என்ற திட்டம் இதற்கான வேலையைச் செய்து வருகிறது. 2018 இல் அதைத் தொடங்கியவர்களில் முன்னிற்பவர் அதே லோரன் பின்சார்.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சிக்கல் அதிகம் இருப்பது மிகப் புதிய கணினிகளில். உங்கள் வீட்டில், வாசிகசாலையில், சங்கக் கட்டிடத்தில் தூசு பிடித்துக் கிடக்கும் பத்து வருடக் கணினியின் சவுண்ட் கார்ட்டை அல்சா பெரும்பாலும் நன்றாக அறியும். அதற்கு ஒரு சாதாரண யூ.எஸ்.பி வெப்கேமையும் வயர் உள்ள ஹெட்செட்டையும் கொழுவினால் போதும்.

எறிய முன்னர் இதைச் செய்து பாருங்கள்.

• உபுண்டு அல்லது லினக்ஸ் மின்டை ஒரு பென் ட்ரைவில் போட்டு, அதில் இருந்தே கணினியை இயக்குங்கள். "நிறுவு" என்பதைத் தொடாதவரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ளது அப்படியே இருக்கும்.

• ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். "டம்மி அவுட்புட்" என்று மட்டும் தெரிந்தால் கணினி சவுண்ட் கார்ட்டை அடையாளம் காணவில்லை. இது முதலாவது வேலையில் உள்ள பிழை.

• அட்டையின் பெயர் தெரிந்தும் சத்தம் இல்லை என்றால், ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். பல நேரம் அது ஸ்பீக்கருக்குப் போகாமல் எச்.டி.எம்.ஐ வயர் வழியாக மொனிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். மைக் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இது இரண்டாவது வேலை.

• எல்லாம் சரி, ஆனால் கோலில் மட்டும் குரல் போகவில்லை என்றால், பிரவுசர் கேட்ட அனுமதியை நீங்கள் மறுத்திருக்கலாம். முகவரிப் பட்டியின் ஓரத்தில் இருக்கும் அடையாளத்தை அழுத்தி அனுமதி கொடுங்கள். இது மூன்றாவது வேலை.

• புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைப் பாவிக்கும்போது சத்தத்தின் தரம் குறைவது லினக்ஸின் குற்றம் அல்ல. பல ஹெட்செட்டுகள் மைக் வேலை செய்யும்போது குறைந்த தரத்துக்கு மாறுகின்றன. வகுப்புக்கு வயர் ஹெட்செட்டே நல்லது.

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு விடயம்தான். நெமோசொப்டின் கெமரா ஒரு மூடிய பகுதியை நம்பியிருந்தது. அவர் விலகியதும் அது நின்றது. க்ஸார் என்ற மருத்துவரின் வேலை திறந்திருந்தது. அவர் ஓய்ந்ததும் இன்னொருவர் எடுத்து நடத்தினார். இன்று நம் பிள்ளை ஒரு பழைய கணினியில் பாடம் கேட்கும்போது, முகம் தெரியாத இத்தனை பேரின் வேலை அதற்குள் இருக்கிறது. நமது உயர்தர தகவல் தொழில்நுட்ப மாணவர்களும் ஒரு நாள் இந்த வரிசையில் சேரலாம். ஒரு ட்ரைவரைத் திருத்தலாம், ஒரு மென்பொருளைத் தமிழாக்கலாம். அதற்கு முதலில் அவர்கள் கையில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கணினி இருக்க வேண்டும்.

ஆகவே பழைய கணினியை இரும்புக் கடைக்குக் கொடுக்க முன்னர் ஒரு பென் ட்ரைவால் சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், ஒன்லைன் வகுப்பை வாப்பாவின் ஃபோனில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்க்கும் ஒரு வீடு நமது ஊரில் இருக்கும். அங்கே கொடுங்கள். லினக்ஸ் போட்டுப் பழகிய தம்பிமார், தங்கச்சிமார் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடி, கிடைக்கும் கணினிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்போம்.